கோடுகள் வெட்டிக்கொள்ளும் மூலை

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் கோட்டுக்காரி. எந்த விளம்பரத்தை வடிவமைத்தாலும் முதலில் இரண்டு சாய்வுக் கோடுகளைக் குறுக்கே போட்டுப் பார்ப்பாள். அவை வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் பார்ப்பவர் கண் போய் நிற்கும். விற்க வேண்டியதை அங்கே வைத்தால் போதும்.

அக்காவின் கணவர் ஒரு கட்டுமான நிறுவனத்தில் விற்பனை மேலாளர். கட்டி முடித்த புதுக் குடியிருப்புக்கு விளம்பரம் செய்யச் சொல்லி, அதன் படத்தோடு அவளிடம் வந்தார். அதில் படிக்கட்டின் கைப்பிடியும் நடைபாதை விளிம்பும் தாமாகவே இடது கீழ் மூலையில், முதல் தூணருகே வெட்டிக்கொண்டன. அவளுக்குப் பரம திருப்தி. அத்தானுக்கு முகம் சுருங்கியது.

"அங்க வேணாம்மா. கண்ணு மேல பால்கனிக்குப் போகணும்."

"தானா அமைஞ்சிருக்கு, அத்தான். வாசல் பக்கம்தானே, நல்லாத்தான் இருக்கு."

"சொன்னா கேளேன். அந்த மூலைய வெட்டிடு."

எதைக் கொடுத்தாலும் தலையாட்டி வாங்கிப்போகிற மனுஷன், இன்று ஒரு மூலைக்கு மல்லுக்கட்டுகிறார். அவளுக்கு உறுத்தியது. அவர் போனதும் படத்தைப் பெரிதாக்கினாள். தூணை ஒட்டிப் பூந்தொட்டிகள், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு. வேறெங்கும் ஒரு தொட்டிகூட இல்லை.

சாயங்காலம் அக்காவிடம் போனில் பேச்சோடு பேச்சாகக் கேட்டாள். "அத்தான் கம்பெனியில வேலை பாக்கறவங்களுக்கு அந்தப் புதுக் குடியிருப்புல சலுகையில வீடு தர்றாங்களாமே, நீங்க ஏன் எடுத்துக்கல?"

"அதை ஏன் கேக்குற! நான் தலைகீழா நின்னு பாத்துட்டேன். உங்க அத்தான் அந்தப் பேச்சையே எடுக்க விடமாட்டேங்கிறார்."

மறுநாள் காலையில் நேரே அந்தக் கட்டடத்துக்குப் போனாள். "யாரம்மா அது?" என்று காவலாளி எழுந்து வருவதற்குள் ஒரு தொட்டியை நகர்த்திவிட்டாள். தூணின் அடியிலிருந்து இடுப்பு உயரத்துக்கு விரிசல். மேலே பூசியிருந்த புது சிமெண்டும் பிளந்திருந்தது. சுண்டுவிரல் உள்ளே போனது. போனில் படம் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு விரைந்தாள்.

அத்தான் வேலைக்குக் கிளம்பி ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார். படத்தைப் பார்த்ததும் கை நின்றது.

"முதலாளி சரிபண்ணிடறேன்னு சொல்லிருக்காரு. நான் வாயைத் திறந்தா வேலை போயிடும்மா."

"நம்மள மட்டும் அங்க குடிவைக்க மாட்டீங்க, மத்தவங்க பிள்ளைகுட்டியோட தூங்கலாமா?" அக்காவின் குரல் உயரவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "நீங்க போன் போடுறீங்களா, நான் போடவா?"

அவரே நகராட்சிப் பொறியாளரிடம் பேசினார். விற்பனையை நிறுத்திவைத்துத் தூண்களைச் சோதித்தார்கள். பாதித் தூண்கள் தேறவில்லை. அத்தானுக்கு வேலை போனது. வேறு இடம் கிடைக்கும்வரை கோட்டுக்காரியோடு அவர் பேசவில்லை; பிறகு எதுவுமே நடக்காததுபோல் பேசத் தொடங்கினார், சிரித்தார்.

அக்காதான் மாறிப்போனாள். அவர் சட்டைப்பையில் சாவியைத் தேடினால்கூட, கை வெளியே வரும்வரை பார்த்துக்கொண்டே நிற்கிறாள்.