தொடக்கூடாத தலை

டோங்கா நாட்டில், எங்கள் ஹாபாய் தீவில் பெற்ற பிள்ளை அப்பாவின் தலையைத் தொடக்கூடாது. நான் பதினெட்டு வருஷமாக ஆஸ்பத்திரி நர்ஸ். பேன் பார்ப்பதிலிருந்து தையல் போடுவது வரை ஊரில் பாதிப்பேரின் தலை என் கைக்கு வந்திருக்கிறது. என் அப்பா லிசியாதேயின் தலையை மட்டும் தொட்டதில்லை. அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிந்தேன், முட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனைக்குப் போனபோது, கோயில் வாசலில் வண்டியின் பின்பக்கத்திலிருந்து குதித்த அப்பா ஈரத்தில் வழுக்கி, வலது காதுக்கு மேலே வண்டியின் இரும்புக் கம்பியில் இடித்துக்கொண்டார். ஒரு நிமிஷம் கண் திறக்கவில்லை. பிறகு எழுந்து, கோயிலுக்கென்று எங்கள் வழக்கப்படி இடுப்பில் கட்டியிருந்த பாயைச் சரிசெய்துகொண்டு சிரித்தார்.

"காட்டுங்கப்பா, வீங்கியிருக்கான்னு பாக்கறேன்."

"தள்ளிப் போ மெலெ. அடி வண்டிக்குத்தான். அதுக்குப் போய்க் கட்டுப் போடு."

நான் தள்ளிப் போனேன். விரலால் ஒருமுறை அழுத்தியிருந்தால் எலும்பு உள்வாங்கியிருப்பது தெரிந்திருக்கும். வேறு யாரையாவது அழுத்திப் பார்க்கச் சொல்லவும் எனக்குத் தோன்றவில்லை. அவர் பாட்டுக்குழுவில் நின்று கட்டைக்குரலில் பாடினார். வீட்டுக்கு வந்து, சேம்பு இலையில் பொதிந்து சுட்ட மாட்டிறைச்சியைச் சாப்பிட உட்கார்ந்தார். பாதித் தட்டில் தலை வலிக்கிறது என்றார். வாந்தி எடுத்தார். அப்புறம் கூப்பிட்டால் பதில் இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அமனாகி அவர் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். வலது கண்மணி அகல விரிந்தபடியே நின்றது.

மண்டையோட்டுக்கு அடியில் மூளையைச் சுற்றி ஒரு தடித்த உறை இருக்கிறது. அந்த உறையே மடிந்து உள்ளே இறங்கி, மூளையை வலது இடதாகப் பிரிக்கிறது. பின்பக்கம் சிறுமூளைக்கு மேலே கூரை போட்டதுபோல நிற்கிறது. மூளை குலுங்காமல் இருப்பது அந்தத் தடுப்புகளால்தான். ஆனால் எலும்புக்கும் உறைக்கும் நடுவே ரத்தம் தேங்கினால், மூளை போக இடமில்லாமல் அந்தக் கூரையின் இடைவெளி வழியாகக் கீழே பிதுங்கும். முதலில் கண்மணியைச் சுருக்கும் நரம்பு நசுங்கும், எதிர்ப்பக்கக் கைகால் விழும். அடுத்தது மூச்சு.

"இன்னைக்கு ஞாயிறு, விமானம் கிடையாது. தனியா வரவழைச்சாலும் மூணு மணி நேரம் ஆகும். அவருக்கு அவ்வளவு நேரம் இல்ல," என்றார் அமனாகி. "தலைநகர்ல சர்ஜன்கிட்ட பேசிட்டேன். நானே துளை போடணுமாம்."

"இதுக்கு முன்னாடி போட்டிருக்கீங்களா?"

"ஒருதடவை பாத்திருக்கேன்." சவரக்கத்தியை என் பக்கம் தள்ளினார். "தலையைச் சிரைச்சு, அசையாம பிடிச்சுக்குங்க."

"டாக்டர், அவர் எங்க அப்பா."

"நானும் டோங்காக்காரன்தான் மெலெ. இன்னொரு நர்ஸ் பிரசவம் பாக்கறதுல மாட்டிக்கிட்டிருக்கா. பிடிக்கறீங்களா, இல்ல இப்படியே விட்டுடலாமா?"

சவரக்கத்தியை எடுத்தேன். அவர் செத்தால் நான் தொட்டதால்தான் செத்தார் என்பார்கள். நானும் அதை நம்புவேன். நரைமுடி கொத்துக்கொத்தாக என் மடியில் விழுந்தது. தலையை இரண்டு கையாலும் பிடித்தேன். சூடாக இருந்தது.

துளைக்கருவி எலும்பை அரைக்கும் அதிர்வு என் தோள்வரை ஏறியது.

"எலும்பு முடிஞ்சதும் உறை. அது கிழிஞ்சா மூளை," என்று அமனாகி முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

"பேசாம செய்யுங்க டாக்டர்!" என்று கத்திவிட்டேன்.

சட்டென்று எலும்பு விட்டது. கறுத்த ரத்தம் கட்டியாக வழிந்தது. அதை உறிஞ்சி எடுத்த பிறகு, அடியில் வெளிறிய உறை தெரிந்தது. கிழியவில்லை. அமுங்கிக் கிடந்தது மெல்ல மேலெழுந்து துடிக்க ஆரம்பித்தது. இமையைத் தூக்கிப் பார்த்தேன். கண்மணி சுருங்கிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் விமானம் வந்து எங்களை ஏற்றிக்கொண்டது. மிச்சத்தைத் தலைநகரில் செய்தார்கள்.

நான்காம் நாள் அப்பா பேசினார். வலது கையால் தலையைத் தடவிப் பார்த்தார்.

"யாரு சிரைச்சது?"

"நான்தாம்பா. டாக்டர் துளை போடறப்ப பிடிச்சுக்கிட்டதும் நான்தான்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் தன் இடது கையைத் தூக்கப் பார்த்தார். அது போர்வைமேல் அப்படியே கிடந்தது. மறுபடி முயன்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கோயில் வாசல்லயே தொட்டிருக்கலாமே, மெலெ."