காப்பு இல்லாத கை

படங்களில் தப்புக் கண்டுபிடிப்பது எனக்குத் தொழில் இல்லை, அரிப்பு. பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் நாள் முழுக்க பூதக்கண்ணாடி வழியாக சிப்புகளில் கீறல் தேடுகிறேன். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் சும்மா இருக்காது. அதற்குத் தீனி போடத்தான் ‘கண்ணுல விளக்கெண்ணெய்’ என்று யூடியூப்பில் ஒரு சேனல் தொடங்கினேன். ஏதோ ஒரு படத்தில் ராணிக்கு வலது கன்னத்தில் வழிந்த கண்ணீர் அடுத்த ஷாட்டில் இடது கன்னத்துக்கு எப்படிப் போனது என்று கேட்பேன். அதற்கும் பினாங்கில் ரசிகர்கள் இருக்கிறார்கள்.

தீபாவளிக்கு வந்த அந்த ராஜா படம் எனக்குப் பெரிய விருந்து. பறக்கும் யானை, பேசும் வாள், மூன்று மணி நேரம். சென்னைக் கம்பெனி கடற்கரைப் போரை மட்டும் எங்கள் பாலிக் புலாவ் பக்கம் வந்து எடுத்தது. எதிரிப் படையில் என் தம்பி கிஷனும் ஒரு சிப்பாய். தியேட்டரில் அவன் திரையில் தெரிந்ததும் அம்மா என் தொடையைக் கிள்ளியது இன்னும் வலிக்கிறது. இப்போது படம் டிவிக்கும் வந்துவிட்டது, நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீடியோ வரும் என்று ரசிகர்களிடம் வேறு தம்பட்டம் அடித்துவிட்டேன்.

ராஜா காலத்துக் கடலில் பதிவு எண் எழுதிய மீன்பிடிப் படகு. சேனாதிபதியின் குதிரைக்கு நெற்றியில் வெள்ளைப் பொட்டு, மலை ஏறி இறங்கியதும் பொட்டைக் காணோம். இப்படிப் பொறுக்கிக்கொண்டே வந்தவள், சனிக்கிழமை காலை கிஷனின் காட்சியில் நின்றுவிட்டேன். வாளை ஓங்கும்போது அவன் வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு இருக்கிறது. அடுத்த ஷாட்டில் அதே கை மணலில் விழுகிறது. கயிறு இல்லை.

வேறு யாராவதாக இருந்தால் துள்ளிக் குதித்திருப்பேன். அது சாதாரணக் கயிறு இல்லை, காப்பு. போன டிசம்பரில் அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய் ஆப்பரேஷன் நடந்தது. அம்மா பிழைத்து எழுந்தால் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் காவடி எடுப்பதாகக் கிஷன் வேண்டிக்கொண்டான். பொங்கல் கழித்துக் கோயிலில் காப்புக் கட்டி விரதம் தொடங்கினான். ஐயர் கட்டிய கயிற்றைக் காவடி இறக்கிய பிறகு கோயிலில்தான் அவிழ்க்க வேண்டும். நடுவில் கழற்றினால் விரதமே போச்சு. படப்பிடிப்பு நடந்தது விரதத்துக்கு நடுவில்தான். ஆனால் தைப்பூசத்தன்று அவன் கையில் காப்பு இருந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ரிமோட்டைப் பின்னால் தள்ளினேன், முன்னால் தள்ளினேன், எழுந்து நடந்தேன், மறுபடி உட்கார்ந்து தள்ளினேன். கயிறு வரவே மாட்டேன் என்றது.

கிஷன் கடலுக்கு அந்தப் பக்கம் செபராங் ஜெயாவில் ஃபோன் கடை வைத்திருக்கிறான். காரை எடுத்துக்கொண்டு பாலம் தாண்டிப் போய்விட்டேன். அவன் மறைக்கவில்லை. வாளை ஓங்கும் ஷாட் முடிந்த பிறகுதான் கயிறு கண்ணில் பட்டு, எதிரிப் படைக்கு மஞ்சள் கயிறு ஆகாது, கழற்று, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போ என்று உடைக்காரர் சொன்னாராம். கேமரா பக்கத்தில் வந்து நிற்கும்போது விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லையாம், அவனே அறுத்துப் போட்டிருக்கிறான். அப்புறம் லிட்டில் இந்தியாவில் மஞ்சள் கயிறு வாங்கித் தானே கட்டிக்கொண்டு காவடி எடுத்திருக்கிறான். வாயில் வந்தபடி திட்டினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான்.

“அம்மாவுக்கு ஒண்ணுன்னா அது நான் பண்ணது லா, க்கா. எனக்குத் தெரியும்.”

அதற்கு மேல் என்ன திட்டுவது? அந்தக் காட்சியை வீடியோவில் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அம்மாவின் அடுத்த செக்கப் புதன்கிழமை. அது நல்லபடியாக முடிந்தால் இவன் கொஞ்சம் மனுஷனாவான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைசியாக ஒருமுறை படத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். கிஷன் கடைக்குப் போயிருந்தான். அம்மா தேத்தண்ணியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். போர்க் காட்சி வந்ததும் வேகமாகத் தள்ளினேன்.

“ஏன் ஓட்டுற? பின்னால போ,” என்றாள். போனேன். கிஷன் வாளை ஓங்கினான், விழுந்தான். அம்மா டிவியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தியேட்டர்லயே பாத்துட்டேன். உன்னைக் கிள்ளுனேனே, எதுக்குன்னு நெனச்ச?”

நான் ஏதோ உளறினேன். அம்மா கிளாஸைக் கீழே வைத்தாள். புதன்கிழமை செக்கப் இல்லை என்றாள். அதைப் போன வாரமே பக்கத்து வீட்டு நோர்மாவோடு போய் முடித்துவிட்டு வந்திருக்கிறாள். திரும்ப வந்துவிட்டதாம். இந்த முறை எலும்பில்.

எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அம்மா மேல், நோர்மாக்கா மேல், மலையில் நிற்கும் முருகன் மேல். ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். கத்தி முடிக்கும்வரை அம்மா காத்திருந்தாள்.

“காவடி எடுத்த நாள்லேர்ந்து அவன் சரியாத் தூங்கல. இப்ப இதையும் கேட்டா, கயித்த அறுத்ததாலதான் வந்துச்சும்பான். வியாதி எனக்கு மட்டும் வந்தாப் போதும், காமினி.”

அப்புறம் தன் யோசனையைச் சொன்னாள். ஆப்பரேஷனிலேயே கொஞ்சம் மிச்சம் இருந்தது, டாக்டர் அப்போதே சொல்லிவிட்டார், பயப்படுவீர்கள் என்று மறைத்தேன் என்று கிஷனிடம் சொல்லப் போகிறாளாம். காப்புக் கட்டும் முன்பே வியாதி இருந்தது என்று ஆகிவிட்டால், காப்பு அறுந்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று நான்தான் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். ஊருக்கெல்லாம் பார்க்கிறாயே, எனக்கும் பார் என்றாள்.

பார்த்தேன். என்னால் பார்க்காமல் இருக்க முடியாது. முதல் ஓட்டை உடனே தெரிந்தது. ஆப்பரேஷன் முடிந்து, சுத்தமாக எடுத்தாச்சு என்று டாக்டர் சொன்னபோது கிஷன் பக்கத்திலேயே நின்றான். அதனால் எலும்பில் இருப்பது ஜனவரியில் தெரிந்தது என்று கதையைத் தள்ளினோம். புது வருஷம் பிறந்ததும் ஒரு செக்கப் இருந்தது. அப்போது அவன் வேலையில் இருந்தான், அம்மாவைக் கூட்டிப்போனவள் நான். காப்புக் கட்டியது அதற்கு அப்புறம்தான். தேதி இடிக்கவில்லை.

ஆனால் நான் கூட இருந்தேன் என்றால் எனக்கும் அப்போதே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் தம்பியிடம் மறைத்த அக்கா ஆகிவிடுவேன். அவன் என்னோடு பேச மாட்டானே என்றேன்.

“பேசாம இருக்கட்டும். உன்மேல கோவமா இருந்தாத் தூங்கிருவான்.”

சரி என்றேன்.

அம்மாவைச் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். தேதி சரியாக வந்தது, டாக்டர் பேச்சு சரியாக வந்தது. “எலும்புல” என்ற இடத்தில் குரல் உடைந்து அழுதுவிட்டாள். ஆப்பரேஷனுக்குக்கூட அழாதவள். கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. செய்யவில்லை.

“அந்த எடத்துல அழாதீங்கம்மா. ஜனவரிலேர்ந்து தெரிஞ்ச சேதிக்கு இப்ப யாரும் அப்படி அழ மாட்டாங்க. அவன் கண்டுபிடிச்சிருவான்.”

அம்மா தலையாட்டினாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து சொன்னாள். பாசாருக்குப் போய் மீன் வாங்கி வந்த கதையைச் சொல்வதுபோலச் சொன்னாள். எங்கேயும் தடுக்கவில்லை, எங்கேயும் இடிக்கவில்லை. அவள் முடிக்கவும் வாசலில் கிஷன் மோட்டார் சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டது. அழுத முகத்தைக் கழுவ நான் எழுந்து ஓடினேன்.