வலை நூல் முடிச்சு

என் அண்ணன் பொன்னுரங்கம் குளியலறையில் கேஸ் ஹீட்டர் மாட்டிய அன்று மதியம் என்னை அடித்தான். நான் அவன் கையை உடைத்தேன்.

கடையில் கொடுத்த ரப்பர் குழாய் வெளியே இருந்த சிலிண்டருக்கு எட்டவில்லை. இன்னொரு துண்டைச் செருகி நீட்டினான். கிளிப் போடவில்லை. நைலான் வலை நூலை முப்பது சுற்று சுற்றி, பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டான். எங்கள் மீனவக் குப்பமான தோணிரேவில் எதையும் அப்படித்தான் கட்டுவார்கள். இணைப்பு குளியலறைத் தரையில் கிடந்தது.

நான் அதில் சோப்புத் தண்ணீர் தடவினேன். குமிழி எழுந்தது. உடைந்தது. மறுபடி எழுந்தது.

"அண்ணா, கேஸ் கசியுது. நுரை வருது பாரு."

"சோப்பு போட்டா நுரை வராம மீனா வரும்?"

"தானா ஊதுது அண்ணா."

"என் முடிச்சு புயல்லயே அவுந்ததில்ல. மூணு வருசம் கெமிஸ்ட்ரி படிச்சி இன்னா கிழிச்ச நீ?"

நான் வெளியே போய் ரெகுலேட்டரை மூடினேன். பின்னாலேயே வந்து சடையைப் பிடித்து இழுத்தான். அறைந்தான். காது அடைத்துக்கொண்டது. ரெகுலேட்டரைத் திறந்துவிட்டு அதன் முன்னால் நின்றான்.

"புள்ள குளிக்கணும். கிட்ட வந்த, கால ஒடச்சிருவேன்."

குழந்தைக்குப் பத்தொன்பது நாள். அண்ணி லட்சுமி அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். காற்று படக் கூடாதென்று கதவைச் சாத்திக்கொண்டாள். நான் இரண்டு முறை கிட்டப் போனேன். இரண்டு முறையும் வயிற்றில் உதைத்தான். மூச்சு அடைத்து எனக்குக் கத்த வரவில்லை.

உள்ளேயிருந்து அண்ணி கூப்பிட்டாள். "இன்னாங்க, ஒரே நாத்தமா அடிக்குது. எப்டி பத்த வைக்கிறது இத?"

"இரு, கை வெக்காத. வரேன்." மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான். "முடிச்சுகிட்ட குச்சி காட்டுறேன். எரிஞ்சா நீ படிச்சவ."

எங்கள் ஏரியில் கனமான உப்புத் தண்ணீர் அடியில் தங்கும். இந்த கேஸும் அப்படித்தான், தரையில் தங்கும். அண்ணி தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை.

அவன் கதவைத் தள்ளினான். குச்சியை எடுத்தான். சுவரில் சாய்ந்திருந்த துடுப்பை நான் எடுத்தேன்.

முதல் அடிக்குத் தீப்பெட்டி விழவில்லை. இரண்டாவது அடியில் எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. தீப்பெட்டி வாளித் தண்ணீரில் விழுந்தது.

இடது கையால் என் கழுத்தைப் பிடித்தான். தலையைச் சுவரில் மோதினான். மூன்று தடவை. என் வாயில் ஒரு பல் தனியாகக் கிடந்தது. அண்ணி குழந்தையோடு வெளியே ஓடி வந்தாள்.

"ரெகுலேட்டர்," என்றேன். ரத்தத்தோடுதான் வந்தது அந்தச் சொல். அவள் மூடினாள். பிறகு, குழந்தையை ஒரு கையால் மார்போடு அணைத்துக்கொண்டு, துடுப்பை எடுத்து அவன் முதுகில் அடித்தாள்.

அப்போதுதான் என்னை விட்டான். உட்கார்ந்து கையைப் பார்த்தான். மணிக்கட்டு தப்பான பக்கம் திரும்பியிருந்தது. சேற்றில் துழாவி இறால் பிடிக்கிற கை. அதில்தான் நாங்கள் நால்வரும் சாப்பிடுகிறோம்.

நாற்றம் அடங்கும்வரை காத்திருந்து நான் உள்ளே போனேன். முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. மீன் கத்தியால் அறுத்தேன். நூல் எங்கும் தளரவில்லை. இறுக்கின இறுக்கில் ரப்பரைச் சுற்றிலும் கீறி உள்ளே இறங்கியிருந்தது; கேஸ் கசிந்தது அந்தக் கீறல் வழியாகத்தான். குழாயை அவன் முன்னால் போட்டேன்.

பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினோம். பஸ் டச்சுக் கல்லறையைத் தாண்டியது.

"முடிச்சு அவுரல இல்ல?" என்றான் அண்ணன்.

"அவுரல."

"தெரியும்." கையை மடியில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தான்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பல் இன்னும் என் கைக்குட்டையில் இருந்தது.