லாபம், ரெண்டு, மூணு

என் வீட்டுக்காரர் முருகையனுக்கு இதயம் ஒழுங்காக அடிப்பதில்லை. நாலு துடிப்பு ஓடும், ஒன்று நிற்கும், பிறகு தாறுமாறாகத் துடிக்கும். விழுப்புரத்தில் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்குகிற மனுஷனுக்கு இப்படி ஒரு இதயத்தைக் கொடுத்த சாமியை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித்தரும் கலைப்பிரியா என்ற பெண் அவரை நாற்காலியில் உட்கார வைத்தது.

"முதுகு நேரா இருக்கணும்ங்க. மூச்ச மட்டும் அடக்காதீங்க, உங்களுக்கு அதான் ஆபத்து. சத்தமா எண்ணிக்கினே கையத் தூக்குங்க. மூச்சு தன்னால வெளிய வந்துடும்."

அவர் தூக்கினார். "லாபம், ரெண்டு, மூணு..."

அந்தப் பெண் சிரித்துவிட்டது. மண்டியில் முதல் மூட்டையை ஒன்று என்று சொல்லமாட்டார்கள், லாபம் என்றுதான் எண்ணுவார்கள் என்று நான் விளக்கினேன்.

"அப்படியே எண்ணுங்க. ஆனா மூட்டை மட்டும் வேணாம்ங்க."

பத்து நாள் பொறுத்தார். வேறு வேலை தெரியாதே. "எண்ணிக்கினே தூக்குறேன் பூமாலை, ஒண்ணும் ஆவாது" என்று மண்டிக்குப் போக எங்கள் ஊர் விக்கிரவாண்டியில் பஸ் ஏறினார். நானும் விட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மண்டியில் எண்ணுவது சக்கரபாணியின் வேலை. அவர் நாற்பத்தொன்று என்கிறபோது இவர் லாபம் என்றிருக்கிறார். கூட மூட்டை தூக்கிய வல்லரசு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"யோவ், ரெண்டு பேரு எண்ணுனா கணக்கு பேஜாராப் பூடும். வாய மூடிக்கினு தூக்குய்யா" என்றாராம் சக்கரபாணி.

மூடிக்கொண்டு தூக்கினார். மூச்சையும் சேர்த்து அடக்கியிருக்கிறார். மூன்றாவது மூட்டையோடு சரிந்துவிட்டார்.

இதயத்தில் உறைந்த ரத்தக்கட்டி மூளைக்குப் போய் அடைத்துவிட்டதாம். வலது கையும் பேச்சும் போய்விட்டன. மூச்சை அடக்கியதால்தானா என்று டாக்டரைக் கேட்டேன். "அப்படிச் சொல்ல முடியாதும்மா, வீட்ல சும்மா இருந்தாலும் வந்திருக்கும்" என்றார். அதிலும் எனக்கு ஆறுதல் இல்லை.

மறுபடியும் அதே நாற்காலி. சாயாமலிருக்க என் பழைய புடவையால் கட்டியிருந்தோம். கலைப்பிரியா அவருடைய இடது கையைத் தூக்கி, "எண்ணுங்க" என்றது.

"லாபம்."

நான் அழுதுவிட்டேன். அடுத்ததுக்காக இரண்டு பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"லாபம்" என்றார் மறுபடியும்.

மூன்று மாதமாக அந்த ஒரு வார்த்தைதான். தண்ணீர் வேண்டுமென்றாலும் அதுதான், வலித்தாலும் அதுதான். நேற்று அவர் முகத்தை நிமிர்த்தி, நான் யார் தெரியுதா என்று கேட்டேன். வெகுநேரம் பார்த்தார்.

"லாபம்" என்றார்.