நீலம் இல்லாத கேபிள்

"அப்பா என்ன நிறம்டா?"

"கறுப்பு."

"யாரு சொன்னா? அப்பா மாநிறம்."

"போக்கா. கல்யாண போட்டோவுல அம்மா பக்கத்துல நிழல் மாதிரி நிப்பாரு. அவரைப் போய் மாநிறம்ங்கறியே!"

அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டு அலமாரி மேல் வைத்தாள். எதிரே சுவரில் மாட்டிய, குளிரின் அளவை வைக்கும் தெர்மோஸ்டாட்டின் சின்னத் திரை இருட்டாகவே கிடந்தது. தம்பி இரண்டு மாடிக்கு மேலே, மொட்டைமாடியில், ஏசி யூனிட்டின் பக்கத்துத் தகட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கீழே அவள் நின்றது நாளைக் காலை திறக்கப்போகும் மூக்குக்கண்ணாடிக் கடை. மேசைக்கு மேசை முகம் பார்க்கும் வட்டக் கண்ணாடி வைத்திருந்தார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவளுடைய களைத்த முகம் பத்துப் பன்னிரண்டாகத் திரும்பியது.

இந்த நிறச் சண்டைக்கு ஒரு காரணம் உண்டு. தெர்மோஸ்டாட் கம்பிகளுக்கு இருவரும் வீட்டு ஆட்களின் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். சிவப்பு, அம்மா, மின்சாரம் அங்கிருந்துதான் கிளம்பும். மஞ்சள், அக்கா, கம்ப்ரசரை ஓட வைப்பவள். பச்சை, தம்பி, விசிறி மட்டும், அதாவது வெறும் காற்று. நீலம், அப்பா, எங்கே சுற்றினாலும் மின்சாரம் கடைசியில் அவரிடம்தான் திரும்ப வேண்டும். இன்றைக்கு வாங்கிய கேபிளில் நீலம் இல்லை. கறுப்பும் பழுப்பும் இருந்தன. மேலே அவன் கறுப்பை அப்பாவாக்கிப் பழுப்பைச் சுருட்டி ஒதுக்கினான். கீழே அவள் பழுப்பை அப்பாவாக்கிக் கறுப்பைச் சுருட்டிவிட்டாள். திரும்பி வர வழியில்லாமல் மின்சாரம் நின்றுவிட்டது.

"நான் கறுப்புன்னு கத்தினேனே. நீயும் 'ம்'னியே."

"எப்போ?"

"மூணே காலுக்கு."

ஒருவர் நிறத்தைச் சொன்னால் மற்றவர் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும், அதன் பிறகுதான் திருகை முடுக்கலாம் என்பது அவர்களுடைய வழக்கம். இருவரும் சேர்ந்து ஏசி மாட்டும் இந்தப் பதினான்கு வருடத்தில், இன்றைக்கு முன் அவள் அதைத் தவறவிட்டதில்லை.

மின்பலகைக்குப் போய் பிரேக்கரை இறக்கினாள். "ஆஃப் பண்ணிட்டேன். பூட்டிட்டேன். சாவி என் பாக்கெட்ல."

"ஆஃப், பூட்டு, சாவி உன் பாக்கெட்ல." மேலே அவன் டெஸ்டரை, யூனிட்டுக்கு மின்சாரம் கொண்டுவரும் ஒவ்வொரு தடித்த கம்பியிலும் வைத்துப் பார்த்தான். "மூணுலயும் கரண்ட் இல்லை. மாத்து."

அவள் பழுப்பைக் கழற்றிக் கறுப்பைச் செருகினாள். "கறுப்பு, அப்பா."

"கறுப்பு, அப்பா. ஒருவழியா ஒத்துக்கிட்டே."

பிரேக்கரை ஏற்றியதும் திரையில் முப்பத்தொன்று என்று வந்தது. அவள் இருபத்துநாலில் வைத்தாள். விசிறி கிளம்பி, காலி பிரேம்களில் தொங்கிய விலைச்சீட்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் படபடத்தன. கம்ப்ரசர் அப்படி உடனே ஓடாது. ஐந்து நிமிடம் காக்க வைக்கும்.

"அஞ்சு நிமிஷம் இருக்கு," என்றான் தம்பி. "மூணே காலுக்கு யார் போன்?"

"கேபிள் கடைக்காரர்."

"அவரை எப்பலேருந்து சார்னு கூப்பிடறே? கேபிள் போற ஓட்டை வழியா எல்லாம் கேட்டுது. 'அஞ்சு மணிக்குள்ள சொல்லிடறேன் சார்'. எனக்கே உடம்பு சிலிர்த்துப் போச்சு."

"ஒட்டுக் கேட்டியா, சுண்டெலி?" தொண்ணூறு கிலோ ஆன பிறகும் அவனுக்கு அதுதான் பெயர்.

"ஓட்டை போட்டதே நான்தானே."

அவள் சிரித்தாள். பிறகு சொன்னாள். உயரமான கட்டிடங்களுக்கு ஏசி கட்டுப்பாட்டு அமைப்பு செய்யும் ஒரு கம்பெனியில் அவளை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். வரைபடம் போடும் வேலை. அவளுக்குக் கீழே ஆறு பேர். எட்டு மணி நேர ரயில் பயணம். ஒன்றாம் தேதி சேர வேண்டும். ஒரு வாரமாக அவனிடம் சொல்லாமல் வைத்திருந்தாள்.

மேலே அவன் ஸ்குரூடிரைவரைக் கையில் எடுத்தான்.

"நல்ல வேலைக்கா," என்றான். "ஏசியில உக்காந்து ஏசியை வரையலாம். மாடியில வெயில்ல காய வேண்டாம். போ. நான் ஒரு ஆளைப் போட்டுக்கறேன்."

"உன் கத்தலை எவன் தாங்குவான்?"

"காதுல பஞ்சு வாங்கிக் குடுத்துடறேன்."

அதற்குள் மேலிருந்து கரக் கரக் என்று ஸ்குரூடிரைவர் சத்தம். முடுக்கியாகிவிட்ட திருகையே மறுபடி முடுக்குகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றும் வீட்டில் ஒரு கதவு விடாமல் கீல்களை இப்படித்தான் முடுக்கிக்கொண்டிருந்தான்.

கூரையில் கனமாக ஏதோ அதிர்ந்தது. குளிர்ந்த காற்று அவள் கழுத்தில் இறங்கியது.

"ஓடுது," என்றான் அவன். "மூணு கம்பிலயும் கரண்ட் ஒரே அளவு. உன் வேலை முடிஞ்சுது. மணி அஞ்சாகப் போகுது, அந்த சாருக்குப் போன் பண்ணு."

அவள் போனைக் கையில் எடுத்து, ஸ்பீக்கரை அணைத்து, காதோடு வைத்துக்கொண்டாள்.

"பண்றேன். இருப்பேனா போவேனான்னு எனக்கே இன்னும் தெரியலடா. 'போ'ன்னு நல்லாத்தான் சொன்னே. ஆனா நான் அந்த நம்பரைப் போடறதுக்கு முன்னாடி, ஒரே ஒரு தடவை, பொய்க்காவது, 'போகாதே அக்கா'ன்னு சொல்லேன்."