கெர்னலுக்கு முந்திய கட்டளைகள்

மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தேய்க்கும் பட்டறை மனைவியுடையது. அங்கிருந்த கம்ப்யூட்டர் மட்டும் கணவனின் ராஜ்யம். யூனிக்ஸ் வகை, அரதப்பழசு. ஞாயிறு மதியம் அதைப் புதுப்பித்தே தீருவேன் என்று ஐயா உட்கார்ந்துவிட்டார்.

"நாளைக்குக் காலையில பஸ் டிரைவர் வர்றார். கண்ணாடி இல்லாம அவரை வண்டியில ஏத்த மாட்டாங்களாம். அவரோட அளவு அதுக்குள்ளதான் இருக்கு" என்றாள் அவள்.

"நான் பொறுப்பு. நீ போய் வேலையப் பாரு."

தைரியத்தைப் பாருங்கள்! அவசரத்துக்குக் கம்ப்யூட்டரை எழுப்பவென்று ஒரு டிஸ்க்கைக்கூட எடுத்து வைத்துக்கொள்ளவில்லை, மனிதர்.

இந்த மாதிரி கம்ப்யூட்டரில் ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு வடிவம் உண்டு. எல்லாவற்றையும் கட்டி மேய்க்கும் அடிநிரலான கெர்னல், நிரலின் தலைப்பகுதியைப் பார்த்து, தெரிந்த வடிவமாக இருந்தால்தான் ஓடவிடும். புதிய பதிப்பில் வடிவமே மாறியிருந்தது. ஆகவே முதலில் புதுக் கெர்னல், பிறகுதான் கட்டளைகள் எனப்படும் சிறு நிரல்கள் என்று கையேட்டில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கொட்டை எழுத்தெல்லாம் கத்துக்குட்டிகளுக்கு என்று நம் ஆள் கட்டளைகளை முதலில் ஏற்றிவிட்டார்.

அப்புறம் கோப்புகளைப் பட்டியலிடும் ls கட்டளையைத் தட்டினார். 'நிரலின் வடிவம் தவறு' என்றது திரை. நகலெடுக்கும் cp தட்டினார். அதே பதில். புதுக் கெர்னலை அதன் இடத்தில் வைக்க cp வேண்டும். cp ஓடப் புதுக் கெர்னல் வேண்டும்.

மனைவி எட்டிப்பார்த்தாள். "என்ன மேதை, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க? நகருங்க, ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடும்."

"ஐயோ, தொடாதே! அணைச்சா மறுபடி எழுந்திருக்கவே எழுந்திருக்காது. நாம தட்டுறத வாங்கிக்கிற இந்த ஷெல் ஒண்ணுதான், ஏற்கெனவே ஓடிட்டிருந்ததால இப்ப உயிரோட இருக்கு."

"அப்ப டிரைவர்?"

ஷெல்லுக்குள்ளேயே இருக்கும், கோப்புப் பெயர்களைக் காட்டவல்ல echo மட்டும் இன்னும் சொன்ன பேச்சு கேட்டது. அதை வைத்து ஒவ்வொரு கோப்புறையாகத் துழாவினார், பழைய வடிவ நிரல் ஏதாவது தப்பியிருக்கிறதா என்று. மனைவியின் கோப்புறையில் ஒன்று கிடந்தது: 'எடுத்துவை'. எப்போதோ கம்ப்யூட்டர் வகுப்பில் அவளே எழுதியது. ஒரு கோப்பை இன்னோர் இடத்துக்கு நகலெடுக்கும், அவ்வளவுதான். தினமும் ஆர்டர்களை அதை வைத்துத்தான் இன்னொரு கோப்புறைக்கு நகலெடுப்பாள். cp இருக்கும்போது இது எதற்கு என்று அவர் கிண்டலடிக்காத நாளில்லை.

"உன்னோட அந்த நிரல்..." என்று இழுத்தார்.

"எது? உருப்படாததுன்னு சொல்வீங்களே, அதுவா?"

"அதேதான் தாயே."

ஓட்டினார். அது முனகாமல் ஓடிப் புதுக் கெர்னலை உரிய இடத்தில் வைத்தது. டிஸ்க் சத்தம் அடங்கும்வரை இருவரும் காத்திருந்தார்கள். பிறகு கம்ப்யூட்டரை அவள் கையாலேயே அணைத்துப் போடச் சொன்னார். இயந்திரம் எழுந்தது. ls பேசியது. டிரைவரின் அளவு திரையில் வந்து நின்றது. அவள் அதைக் குறித்துக்கொண்டு தேய்க்கும் சக்கரத்துக்குப் போனாள்.

வில்லைகளை முடித்துச் சட்டத்தில் பொருத்தி வைத்துவிட்டு வந்தவள், வழக்கம்போல் 'எடுத்துவை' என்று தட்டினாள். 'நிரலின் வடிவம் தவறு.'

"புதுக் கெர்னலுக்குப் பழைய வடிவம் தெரியாதும்மா" என்றார் மெதுவாக. "நீ எழுதின மூல நிரல் இருந்தா புது வடிவத்துல கட்டிடலாம்."

"அது வகுப்பு டிஸ்க்கோட போச்சு. பரவாயில்ல விடுங்க, அதான் cp இருக்கே." சிரிக்கத்தான் பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது.

அவருக்குச் சுருக்கென்றது. கையேட்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். பழைய வடிவத்தையும் ஏற்கும்படி கெர்னலை மறுபடி கட்ட வழி இருந்தது.

"இதுக்காக முழுசா மறுபடியுமா? உருப்படாததுக்கா?"

"அந்த வார்த்தைய இனிமே நான் சொன்னா என்னை என்னன்னு கேளு."

அவள் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். "நானும் உட்கார்றேன். நீங்க தனியா பண்ணினா என்ன ஆகும்னுதான் பாத்தாச்சே."