விதி 14, உட்பிரிவு (ஆ)

1

இந்தக் கதை எனக்குப் படிக்கட்டில் கிடைத்தது. ஒட்டுக் கேட்கவில்லை, செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தேன். (கால் மணி நேரம். வார் அப்படி.)

மேல்மாடித் தையல் அக்காவின் கதவில் வீட்டுக்காரர் ஒரு தாளை ஒட்டிக்கொண்டிருந்தார்.

"மாடியில தையல் மெஷின் ஓட்டக் கூடாதுன்னு சட்டமே சொல்லுதும்மா. விதி பதினாலு, உட்பிரிவு ஆ. வெள்ளிக்கிழமைக்குள்ள மெஷினை எடுத்துடுங்க."

"பதினோரு வருஷமா ஓடுது. இப்பதான் சட்டத்துக்குக் காது கேட்டுச்சா?"

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ஊசிக் காதில் நுழையாத நூலைப் போல அவள் வாழ்க்கை…'

வேண்டாம். அக்கா படித்தால் கத்தரிக்கோலோடு வருவார்.

எதிர்வீட்டு ஆய்வு மாணவியிலிருந்து தொடங்கலாம். வீட்டிலிருந்தே தொழில் செய்பவர்களுக்கான சட்டங்களைப் பற்றி ஆராய்கிறாள். அதே விதி அவளுடைய மூன்றாம் அத்தியாயத்திலும் இருந்தது. ஆதாரம், ஒன்பது இணையதளங்கள். நெறியாளர் ஓரத்தில் சிவப்பு மையால் எழுதிவிட்டார்: "ஒன்பதும் யாரைப் பார்த்து எழுதின?"

ரோஷக்காரி. சட்டங்களை அரசு அச்சிட்டு வெளியிடும் அரசிதழ்களைத் தேடி நூலகத்தில் மூன்று நாள் தூசி தின்றாள். அந்தச் சட்டத்தில் மொத்தமே பன்னிரண்டு விதிகள்தான்! பிறகு தளங்களைக் குடைந்தாள். எட்டும் ஒன்பதாவதைக் காப்பியடித்திருந்தன, எழுத்துப் பிழை உட்பட. ஒன்பதாவதின் அடியில் ஒரு வார இதழின் பெயர், பக்கம் 31.

3

(இந்த இடத்தில் கதாசிரியர் தண்ணீர் குடிக்கிறார்.)

பக்கம் முப்பத்தொன்றில் இருந்தது என் சிறுகதை. அதில் வரும் கொடுமைக்கார வீட்டுக்காரனுக்காக நானே செய்த விதி அது. நம்பும்படி இருக்கட்டுமென்று எண்ணும் போட்டேன். 'அ'வை விட 'ஆ' எடுப்பாக இருந்தது.

வியாழக்கிழமை காலை மாணவி அந்தப் பக்கத்தின் நகலோடு வந்து நின்றாள்.

"ஆன்ட்டி, இது நீங்க எழுதினதுதானே?"

"கதைம்மா அது."

"அதை வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க. அரசிதழைக் காட்டினேன். ஒன்பது இடத்துல போட்டிருக்கே, நீ பார்த்தது பழசா இருக்கும்ங்கிறார்."

"நான் சொன்னா மட்டும் நம்புவாரா?"

"நீங்க பொய் சொன்னீங்கன்னுதானே சொல்லப் போறீங்க? தெருவே நம்பும்."

4

முடிவு ஒன்று: வீட்டுக்காரர் மனம் திருந்தி மன்னிப்புக் கேட்கிறார். (அவரைத் தெரிந்தவர்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருக்கிறேன்.)

முடிவு இரண்டு: 'விதி 15: விதி 14 ரத்து செய்யப்படுகிறது' என்று இன்னொரு கதை எழுதுகிறேன். ஒன்பது தளங்களும் நாளைக்கே—

"பேனாவைக் கீழ வைங்க ஆன்ட்டி."

வைத்துவிட்டேன். வார இதழோடு நான், அரசிதழ் நகலோடு அவள், பின்னால் கழுத்தில் அளவு நாடாவோடு அக்கா. வீட்டுக்காரரின் அழைப்பு மணியை அழுத்தியாயிற்று. உள்ளே செருப்புச் சத்தம் நெருங்குகிறது.

அவர் என்ன சொன்னார் என்று எழுத மாட்டேன். என் எழுத்தை ஆதாரமாகக் கொண்டவர்களின் கதியைத்தான் பார்த்தீர்களே. சனிக்கிழமை நேரில் வாருங்கள். மாடியில் மெஷின் ஓடுகிறதா என்று உங்கள் காதாலேயே கேளுங்கள். படிக்கட்டில் செருப்பு வாரைச் சரிசெய்ய இடமிருக்கிறது. நான் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொள்கிறேன்.